இங்கிலீஷ் வராது, கணக்கு பயம், ரத்தம் பார்த்தால் மயக்கம்: நர்சிங் படிக்கலாமா?

கேள்வி: மேடம், எங்கள் ஊர் குலசேகரம் பக்கம். அப்பா ரப்பர் பால் வெட்டப் போகிறார். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி, தமிழ் வழி. பிளஸ் டூவில் தொழிற்கல்விப் பிரிவில் செவிலியம் எடுத்து 64 சதவீதம் வாங்கினேன். நாகர்கோவில் பக்கம் ஒரு தனியார் நர்சிங் ஸ்கூலில் மூன்று வருஷ நர்சிங் படிப்பான ஜி.என்.எம்.மில் சேர இடம் இருக்கிறது என்கிறார்கள். இன்னொரு இடத்தில் ஒரே வருஷத்தில் நர்சிங் டிப்ளமோ, செலவு பாதிதான், படிக்கும்போதே ஆஸ்பத்திரியில் வேலையும் உண்டு என்கிறார்கள். மாமா அதில் சேரச் சொல்கிறார். எனக்கு இங்கிலீஷ் சுத்தமாக வராது. கணக்கு என்றால் பயம். பிளஸ் ஒன்னில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனபோது காயத்துக்குக் கட்டு மாற்றுவதைப் பார்த்து மயங்கி விழுந்துவிட்டேன். பிள்ளைகள் இன்னும் கேலி செய்கிறார்கள். நான் நர்சிங் படிக்கலாமா? வகுப்பு தொடங்க இரண்டு மாதம் இருக்கிறது. அதற்குள் என்ன தயார் செய்ய வேண்டும்? படித்து முடித்தால் வெளிநாடு போக முடியுமா?

பதில்: மக்ளே, தாராளமாகப் படிக்கலாம். நீ பயப்படுகிற மூன்றும் பயிற்சியில் சரியாகிவிடும். பயிற்சியால் சரிசெய்ய முடியாத ஒன்றும் உன் கடிதத்தில் இருக்கிறது, அந்த ஒரு வருஷ டிப்ளமோ. அதை முதலில் முடித்துவிடுவோம். (நர்சிங் ஸ்கூலில் பாடம் எடுத்துப் பழகிய வாய், அதனால் நீ என்றே எழுதுகிறேன், ஒன்றும் நினைக்காதே.)

தமிழ்நாட்டில் நர்ஸ் என்று வேலை பார்க்க, சென்னையிலுள்ள தமிழ்நாடு நர்சஸ் அண்ட் மிட்வைவ்ஸ் கவுன்சிலில் பெயர் பதிவாகியிருக்க வேண்டும். 1926-ஆம் ஆண்டுச் சட்டப்படி நடக்கிற அமைப்பு அது. டெல்லியில் இந்தியன் நர்சிங் கவுன்சில், 1947-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாடத்திட்டத்தையும் தரத்தையும் வகுக்கிறது. பதிவுக்குப் போகிற ஆரம்பப் படிப்புகள் மூன்றே மூன்று. ஏ.என்.எம். என்கிற துணை நர்ஸ் படிப்பு இரண்டு வருஷம், ஜி.என்.எம். மூன்று வருஷம், பி.எஸ்சி. நர்சிங் நாலு வருஷம். ஒரு வருஷத்தில் பதிவு கிடைக்கிற நர்சிங் படிப்பு என்று ஒன்று கிடையாது. நர்சிங் அசிஸ்டென்ட், ஹெல்த் அசிஸ்டென்ட், நர்சிங் கேர் டிப்ளமோ என்று போர்டில் பல பெயர்கள் இருக்கும். அந்தப் படிப்பைக் கேவலமாகச் சொல்லவில்லை. படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள அந்தப் பயிற்சி உதவும். ஆனால் அதை முடித்தவர் சட்டப்படி நர்ஸ் இல்லை. அரசு நர்ஸ் வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது, வளைகுடா நாட்டு நர்ஸ் லைசென்சும் கிடைக்காது. 'படிக்கும்போதே வேலை' என்பதற்கும் பல இடங்களில் ஒரே அர்த்தம்தான்: சம்பளம் குறைவான ஆள் ஒன்று வார்டுக்குக் கிடைக்கிறது. மாமா உன் நல்லதுக்குத்தான் சொல்கிறார். 'கவுன்சில் ரிஜிஸ்டிரேஷன் உண்டா, எழுதித் தருவார்களா' என்று மட்டும் அவரையே அங்கே போய்க் கேட்டு வரச் சொல்.

ஜி.என்.எம். ஸ்கூலையும் விசாரிக்காமல் ஒத்துக்கொள்ளாதே. அந்தக் கல்வியாண்டுக்கு அதன் பெயர் இந்தியன் நர்சிங் கவுன்சில் பட்டியலிலும் மாநிலக் கவுன்சில் பட்டியலிலும் இருக்கிறதா என்று இணையத்தில் பார். போன வருஷம் இருந்தது என்பது போதாது. அப்புறம், பிள்ளைகளை எந்த ஆஸ்பத்திரிக்கு வார்டுக்கு அனுப்புகிறார்கள் என்று கேள். ஜி.என்.எம். நடத்தும் ஸ்கூலுக்கு 100 படுக்கையுள்ள ஆஸ்பத்திரி வேண்டும், ஒரு மாணவிக்கு மூன்று நோயாளிகளாவது இருக்க வேண்டும் என்பது கவுன்சில் கணக்கு. படுக்கை இருந்தால் போதாது, அதில் ஆள் இருக்க வேண்டும். ஒரு நாள் காலை பத்து மணிக்கு அந்த ஆஸ்பத்திரி ஓ.பி. பக்கம் போய்ச் சும்மா உட்கார்ந்து பார். கூட்டம் இல்லையென்றால் மூன்று வருஷமும் அங்கே நீ பெட் ஷீட்தான் மாற்றிக்கொண்டிருப்பாய். ஹாஸ்டல் வாசலில் ஒரு மூன்றாம் வருஷப் பிள்ளையைப் பிடித்து, 'அக்கா, லேபர் வார்டில் எத்தனை பிரசவம் பார்த்தீங்க, வென்ஃப்ளான் கடைசியா எப்போ போட்டீங்க' என்று கேள் (வென்ஃப்ளான் என்பது டிரிப் ஏற்ற ரத்தக் குழாயில் வைக்கிற சின்ன ட்யூப்). புரவுச்சர் சொல்லாததை அந்த அக்கா சொல்லிவிடுவாள்.

நம் குமரி மாவட்டத்தில் இப்படி விசாரித்துச் சேர்வதற்கு இடத்துக்குப் பஞ்சமில்லை. நெய்யூரில் லண்டன் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பு 1838-லேயே மருத்துவப் பணியைத் தொடங்கிவிட்டது. எவரெஸ்ட் ஏறப் போன சாமர்வெல் டாக்டர் பிறகு பல வருஷம் அங்கேதான் ஆபரேஷன் செய்துகொண்டிருந்தார். ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. அரசு நர்சிங் இடங்களுக்கு மருத்துவக் கல்வி இயக்ககத் தேர்வுக் குழு ஆன்லைனில் விண்ணப்பம் வாங்குகிறது, பிளஸ் டூ மார்க்கை வைத்துத் தரவரிசை. தனியார் இடம் கைவசம் இருந்தாலும் அதற்கும் போட்டுவை, தேதியை மட்டும் விட்டுவிடாதே. ஜி.என்.எம்.முக்கு இந்தியன் நர்சிங் கவுன்சில் கேட்பது பிளஸ் டூவில் 40 சதவீதமும், பாடங்களில் ஆங்கிலமும். அறிவியல் பிரிவுக்கு முன்னுரிமை உண்டு, மற்றவர்களுக்குக் கதவு மூடவில்லை.

பணம் பற்றி நீ நேரடியாகக் கேட்கவில்லை, ஆனால் 'செலவு பாதிதான்' என்ற வரியில் அது இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற படிப்பு என்றால் வங்கிக் கல்விக் கடன் 4 லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணையம் இல்லாமல், கையிலிருந்து பங்குத்தொகை கட்டாமல் கிடைக்கும். தவணை கட்டுவது படிப்பு முடிந்த பிறகுதான். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய்க்கும் விண்ணப்பிக்கலாம். 2022-இல் தொடங்கிய திட்டம், ஸ்கூல் வழியாகத்தான் பதிய வேண்டும். 'உங்கள் ஸ்கூல் அதில் இருக்கிறதா' என்று அட்மிஷனுக்கு முன்பே ஆபீசில் கேட்டுவிடு. பிளஸ் டூ ஒரிஜினலைச் சரிபார்த்தவுடன் கையோடு வாங்கிக்கொண்டு நகலை மட்டும் விட்டுவா.

சரி, மயக்கத்துக்கு வருவோம்.

பயந்தால் பெரும்பாலும் ரத்த அழுத்தம் ஏறும். ரத்தம், காயம் பார்த்துப் பயப்படுகிற சிலருக்கு மட்டும் ஏறிய அழுத்தம் சட்டென்று இறங்கும், நாடியும் தளரும். மூளைக்குப் போகிற ரத்தம் குறைந்து ஆள் சாய்ந்துவிடுவார். இது உடம்பின் வேலை, கோழைத்தனம் இல்லை. இதற்கு ஒரு பயிற்சி இருக்கிறது. உட்கார்ந்துகொண்டு கை, தொடை, வயிறு மூன்றையும் ஒன்றாக இறுக்கு. முகத்தில் சூடு ஏறுகிற மாதிரி இருக்கும் வரை, பத்துப் பதினைந்து விநாடி பிடி. பிறகு இருபது முப்பது விநாடி தளர்த்து. இப்படி ஐந்து தடவை. இதைத் தினமும் செய்துவிட்டு, காயத்துக்கு மருந்து கட்டுகிற வீடியோவை முதலில் தூரத்தில் வைத்தும், அப்புறம் பக்கத்தில் வைத்தும் பார். இரண்டு மாதத்தில் நல்ல வித்தியாசம் தெரியும். வார்டில் காலை வெறும் வயிற்றில் நிற்காதே, முட்டியை விறைத்துக்கொண்டும் நிற்காதே. கண் இருட்டினால் 'சிஸ்டர், தலை சுத்துது' என்று சொல்லிவிட்டு நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிடு. ஓ.டி.யில், அதாவது ஆபரேஷன் தியேட்டரில் என்றால் இரண்டு அடி பின்னால் தள்ளி உட்கார், கிருமி நீக்கிய கருவிகள் இருக்கிற ஸ்டெரைல் ட்ரே மேல் சாய்ந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். உட்கார்ந்ததற்காக யாரும் உன்னை வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். கேலி செய்கிற பிள்ளைகளில் ஒருத்தி முதல் ஓ.டி. போஸ்டிங்கில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், பார்த்துக்கொள்.

இங்கிலீஷைப் பற்றி நீ நினைப்பதைவிடக் கவலை குறைவு. நீ கதை எழுதப் போவதில்லை. பரீட்சையில் வேண்டியது குறிப்பிட்ட சில நூறு சொற்களும் சின்னச் சின்ன வாக்கியங்களும். ஒரு சுலபமான வழி: பதினோராம் வகுப்பு விலங்கியல் புத்தகம் தமிழிலும் ஆங்கிலத்திலும் பாடநூல் கழக இணையதளத்தில் இலவசமாக இருக்கிறது. செரிமானம், சுவாசம், ரத்த ஓட்டம், கழிவு நீக்கம், நரம்பு என்று உடம்பு பற்றிய பாடங்கள் எல்லாம் அதில் உண்டு. இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முதலில் தமிழில் ஒரு பத்தி, உடனே அதே பத்தி ஆங்கிலத்தில். இதயத்தை வரைந்து ஆங்கிலத்தில் பெயர் குறி. முதல் வருஷத்தில் வரும் அனாடமி (உடல் அமைப்பு), பிசியாலஜி (உடல் இயங்கும் விதம்) இரண்டிலும் பாதியை இப்படியே பார்த்துவிடலாம். மருத்துவச் சொற்களின் வாலைக் கவனி. 'ஐட்டிஸ்' என்று முடிந்தால் அழற்சி, 'எக்டமி' என்றால் வெட்டி எடுத்தது. பத்து வால் தெரிந்தால் நூறு சொல் பாதி புரிந்துவிடும். பிளஸ் டூ செவிலியப் புத்தகத்தையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதே. பெட் மேக்கிங், டெம்பரேச்சர், முதலுதவி எல்லாம் நர்சிங் அடிப்படைகளான ஃபண்டமென்டல்ஸ் பாடத்தில் மறுபடி வரும். சயின்ஸ் குரூப் பிள்ளைகளுக்கு இல்லாத ஒரு தொடக்கம் உனக்கு அதில் இருக்கிறது.

கணக்கு விஷயத்தில் மட்டும் நான் கறாராக இருப்பேன். நர்சுக்கு வேண்டியது கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், தசமம். அல்ஜீப்ரா இல்லை. ஆனால் அந்த நாலும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும், ஏனென்றால் ராத்திரி மூன்று மணிக்கு உன்னை அப்படித்தான் கேட்பார்கள்.

நாலு மணி நேரத்தில் 500 மி.லி. சலைன் போக வேண்டும். டிரிப் செட்டில் 20 சொட்டு ஒரு மி.லி. மொத்தம் 10,000 சொட்டு, 240 நிமிடம். வகுத்தால் நிமிடத்துக்கு 42 சொட்டுப் பக்கம் வரும். நிமிடம் முழுக்க நின்று எண்ண நேரமில்லையென்றால் பதினைந்து விநாடிக்குப் பத்து, பதினொன்று விழுகிறதா என்று பார்த்து ட்யூபிலுள்ள கிளாம்பைத் திருகு, பிறகு ஒருமுறை முழு நிமிடம் எண்ணிச் சரிபார். அடுத்தது, பத்துக் கிலோ குழந்தைக்கு டாக்டர் 150 மி.கி. பாராசிட்டமால் எழுதியிருக்கிறார். ஒரு பாட்டிலில் 5 மி.லி.க்கு 125 மி.கி., இன்னொன்றில் 5 மி.லி.க்கு 250 மி.கி. முதல் பாட்டிலில் 6 மி.லி., இரண்டாவதில் 3 மி.லி. 'ஆறு மி.லி. கொடு' என்று அம்மாவிடம் சொல்லி அனுப்பினால், வீட்டில் இருப்பது எந்த பாட்டில் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இன்சுலின் இதைவிட மோசம். நம் ஊரில் சாதாரணமாகக் கிடைக்கும் வயல் (மருந்துக் குப்பி) ஒரு மி.லி.க்கு 40 யூனிட். அதற்கென்று சிவப்பு மூடி சிரிஞ்சு இருக்கிறது. 100 யூனிட் இன்சுலினுக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. 40 யூனிட் வயலிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20-ஆம் கோடு வரை இழுத்தால் உள்ளே வருவது 8 யூனிட்தான், சர்க்கரை குறையாது. மாற்றிச் செய்தால், அதாவது 100 யூனிட் மருந்தை சிவப்பு மூடி சிரிஞ்சில் 20-ஆம் கோடு வரை இழுத்தால், 50 யூனிட் போய்விடும். விடியும் முன்பே அந்த ஆளுக்குச் சர்க்கரை தரை தட்டிவிடும். மெடிக்கல் ஷாப்பில் இரண்டு சிரிஞ்சையும் காட்டச் சொல்லி வாங்கி, தண்ணீரை வைத்து வீட்டில் இழுத்துப் பார். இதை ஒருமுறை கையால் செய்தால் போதும், போர்டில் நான் எத்தனை தடவை எழுதினாலும் அந்த அளவுக்குப் பதியாது. பழக்கமாக இதையும் வைத்துக்கொள்: அரை மி.லி.யை 0.5 என்று எழுது, முன்னால் பூஜ்ஜியம் இல்லாமல் எழுதாதே. ஐந்தை 5 என்று எழுது, 5.0 வேண்டாம். புள்ளி மங்கினால் பத்து மடங்கு தப்பாகிவிடும்.

இனி நீ கேட்காத, ஆனால் மூன்று வருஷத்தையும் தீர்மானிக்கிற விஷயம். நான் பார்த்தவரை இங்கிலீஷால் நின்றுபோன பிள்ளை குறைவு. தெரியாததைத் தெரிந்த மாதிரி காட்டப் போய், ஒவ்வொரு மாசமும் மறைக்க வேண்டியது கூடிக்கொண்டே போய், வார்டு என்றாலே வயிற்றைக் கலக்க ஆரம்பித்து நின்ற பிள்ளைகள்தான் அதிகம்.

ஒரு வார்டில் வைட்டல்ஸ் சார்ட்டை எடுத்துப் பார். டெம்பரேச்சர் ஆளுக்கு ஆள் மாறும், பி.பி. மாறும், பல்ஸ் மாறும். மூச்சு மட்டும் எல்லாக் கட்டிலிலும் 20 என்று இருக்கும். நிமோனியாக்காரருக்கும் 20, குடலிறக்க ஆபரேஷனுக்குக் காத்திருப்பவருக்கும் 20. யாரும் எண்ணவில்லை என்று அர்த்தம். முதல் வருஷப் பிள்ளை அதைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறாள். ஆனால் ஒரு நோயாளி மோசமாகப் போகிறார் என்பதை பி.பி. விழுவதற்கு முன்பே காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் மூச்சுத்தான். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12-லிருந்து 20 இயல்பு. 26 என்று ஏறி நிற்கிற ஆளுக்கு 20 என்று எழுதிவிட்டுப் போனால், அடுத்த டியூட்டி சிஸ்டர் அந்தத் தாளை நம்பி அவரைக் கடைசியாகப் பார்ப்பார்.

எண்ணுவது இப்படி. மணிக்கட்டைப் பிடித்துப் பல்ஸ் பார். முடிந்ததும் கையை விடாதே, பல்ஸ் பார்க்கிற மாதிரியே பிடித்துக்கொண்டு கண்ணை மட்டும் நெஞ்சுக்குக் கொண்டு போ. எண்ணுகிறாய் என்று தெரிந்தால் மனுஷன் மூச்சை மாற்றிவிடுவான். ஏறி இறங்கினால் ஒன்று. முழு அறுபது விநாடி. இதற்கு செகண்ட் முள் உள்ள வாட்ச் வேண்டும், சட்டையில் குத்துகிற மாதிரி கிடைத்தால் இன்னும் நல்லது, கை கழுவ இடைஞ்சல் இராது. இன்றைக்கே தூங்குகிற பாட்டியிடம் தொடங்கு. பி.பி. சத்தம் முதல் வாரத்தில் பாதிப் பேருக்குக் கேட்காது. கேட்கவில்லையென்றால் 120/80 என்று எழுதிவிடாதே. 'சிஸ்டர், எனக்குக் கேக்கல, கொஞ்சம் பாருங்க' என்று கூப்பிடு. முதல் நாள் திட்டு விழலாம். அந்த இன்சார்ஜ் சிஸ்டரே ஒரு மாசத்தில், முக்கியமான கேஸ் என்றால் உன்னைத்தான் பக்கத்தில் வைத்துக்கொள்வார், நீ எழுதுகிற எண் நிஜம் என்று அவருக்குத் தெரியும்.

மருந்து கொடுக்கும்போதும் அப்படியே. சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்று ஐந்தையும் ஒப்பிக்க எல்லோருக்கும் தெரியும். கட்டில் நம்பரைப் பார்த்துக் கொடுக்காமல் 'உங்க பேரு என்ன' என்று கேட்பவர்கள் குறைவு. 'நீங்கதானே மேரி' என்று கேட்காதே, அரைத் தூக்கத்தில் இருக்கிற அம்மா யாராக இருந்தாலும் 'ஆமா' என்பார். நம் மாவட்டத்தில் ஒரே வார்டில் மூன்று மேரி இருப்பது சாதாரணம்.

இதே வியாதியின் இன்னொரு முகம் சீனியர் ரெக்கார்டைப் பார்த்து எழுதுவது. போன வருஷத்து அக்கா எழுதிய கேர் பிளானை, அதாவது ஒரு நோயாளியைக் கவனிக்கிற திட்டத்தை, பெயரை மாற்றி எழுதிவிடுவார்கள். ஆண் நோயாளிக்குப் பிரசவ வரலாறு எழுதிக்கொண்டு வருகிற ரெக்கார்டும் உண்டு, சிரிக்காதே. வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியிலேயே கதை தெரிந்துவிடும். ஜி.என்.எம்.மில் எழுத்துக்கும் செய்முறைக்கும் தனித்தனியாக 50 சதவீதம் வேண்டும். எழுத்தில் 90 வாங்கினாலும் செய்முறையில் விழுந்தால் விழுந்ததுதான். தாளுக்கு 25 மார்க் ஸ்கூல் கையில், 75 கவுன்சில் பரீட்சையில். வருகை 80 சதவீதம் இல்லாமல் எழுத விட மாட்டார்கள். வார்டுப் பயிற்சியில் விட்ட நாளைப் படிப்பு முடியும் முன் செய்து கொடுத்தே ஆக வேண்டும். திருவிழா, கல்யாணம், கொடைவிழா என்று லீவு எடுக்கும்போது இந்தக் கணக்கு ஞாபகம் இருக்கட்டும்.

படிக்கிற முறைக்கு ஒரு உதாரணம் சொல்கிறேன், உன் ஊர் உதாரணமே. விடியும் முன் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போனவரைப் பாம்பு கடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருகிறார்கள். டாக்டர் கொஞ்சம் ரத்தம் எடுத்துச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் ஆட்டாமல் வைக்கச் சொல்கிறார். உறையவில்லையென்றால் விஷம் ரத்தம் உறைவதைக் கெடுத்திருக்கிறது, பெரும்பாலும் விரியன் வகை (பெயரில் விரியன் இருந்தாலும் கட்டுவிரியன் இதில் சேராது). பிறகு விஷமுறிவு மருந்து டிரிப்பில் போகிறது. அன்றைக்கு ராத்திரி ஹாஸ்டலில் அந்த ஒரே நோயாளியை வைத்துக்கொண்டு உட்கார். ரத்தம் எப்படி உறைகிறது, அது பிசியாலஜி. விஷமுறிவு மருந்து குதிரை ரத்தத்திலிருந்து வருவதால் ஒவ்வாமை வரலாம், அதை அடக்குகிற அட்ரினலின் ஊசி பக்கத்தில் ஏன் தயாராக இருந்தது, அது மருந்தியல். சிறுநீர் அளவை ஏன் மணிக்கு மணி பார்த்தார்கள், அது சிறுநீரகம். நம் நாட்டு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும்தான் செய்யப்பட்டது. நம் மலைப்பக்கத்து மூக்குத் தூக்கிய குழிவிரியனுக்கு அது வேலை செய்யாது என்பதும் அப்போது தெரியவரும். புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து தள்ளிக்கொண்டு போனால் இவை நாலு பாடங்களில் சிதறிக் கிடக்கும். முகத்தோடு சேர்த்துப் படித்தால் பரீட்சைக்கு மறுபடி மனப்பாடம் தேவைப்படாது. தினமும் ஒரு நோயாளி போதும். இரண்டு வேண்டாம், டியூட்டி முடிந்த காலில் அதற்குத் தெம்பு இருக்காது.

உனக்கு இன்னொரு வசதி இருக்கிறது. கல்குளம், விளவங்கோடு பக்கத்துப் பாட்டிமார் பேசுவது வெளியூர்ப் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடாது. 'மேலுக்குச் சொகமில்ல மக்ளே, நெஞ்சுல என்னமோ ஏறி இருக்கு மாதிரி' என்று பாட்டி சொன்னால், அதைப் பாட்டி சொன்னபடியே குறித்துக்கொண்டு, மூச்சையும் பல்ஸையும் எண்ணி எழுதிவிட்டு உடனே சிஸ்டரிடம் போ. வாயுத் தொல்லை என்று நீயாக முடிவு செய்யாதே.

வெளிநாடு பற்றி இப்போது மூன்று விஷயம் தெரிந்தால் போதும். வளைகுடா நாடுகளில் பொதுவாகக் கவுன்சில் பதிவும், படிப்புக்குப் பிறகு இரண்டு வருஷ வார்டு அனுபவமும், லைசென்ஸ் பரீட்சையும் கேட்பார்கள். சான்றிதழை எல்லாம் படித்த இடத்துக்கே அனுப்பிச் சரிபார்ப்பார்கள், அங்கேதான் ஒரு வருஷ டிப்ளமோக்காரர்கள் நிற்பது. இங்கிலாந்துக்கு ஐ.இ.எல்.டி.எஸ். அல்லது ஓ.இ.டி. ஆங்கிலத் தேர்வு, ஜெர்மனிக்கு ஜெர்மன் மொழியில் பி2 நிலை. ஏஜென்ட் பேச்சைக் கேட்கும் முன், 1978-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய ஓவர்சீஸ் மேன்பவர் கார்ப்பரேஷன் அறிவிப்புகளைப் பார். உள்ளூரில் இருக்க நினைத்தால் அரசு ஸ்டாஃப் நர்ஸ் வேலைக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் (எம்.ஆர்.பி.) தேர்வு இருக்கிறது. மத்திய அரசின் எய்ம்ஸ் ஆஸ்பத்திரிகளுக்கான தேர்வுக்கு ஜி.என்.எம். முடித்தவர்கள் 50 படுக்கை ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷம் வேலை பார்த்திருக்க வேண்டும். பட்டம் வேண்டுமென்றால் ஜி.என்.எம்.முக்குப் பிறகு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. இரண்டு வருஷம். எந்த வழியாகப் போனாலும் முதல் இரண்டு வருஷத்தைச் சும்மா இருக்கிற கிளினிக்கில் கழித்துவிடாதே. அனுபவச் சான்றிதழ் ஒரே மாதிரி தாள்தான், இன்டர்வியூவில் தெரிவது வேறு.

கடைசியாக ஒன்று, இதைத் தள்ளிப்போடாதே. ஹெபடைட்டிஸ் பி (ரத்தம் வழியாகத் தொற்றும் கல்லீரல் நோய்) தடுப்பூசி போட்டிருக்கிறாயா என்று அம்மாவிடம் கேட்டு, பழைய கார்டு இருந்தால் தேடு. இல்லையென்றால் இந்த வாரமே முதல் ஊசி. ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாவது மாதம் மூன்றாவது. இப்போது தொடங்கினால் வார்டுக்குள் போகும்போது இரண்டு முடிந்திருக்கும். போட்ட ஊசிக்குத் திரும்ப மூடி போடும்போது கையில் குத்திக்கொள்பவர்கள் நிறைய. மூடி போடாமல் அப்படியே வெள்ளை டப்பாவில் போட வேண்டும். ஊசி இல்லாத சிரிஞ்சும் டிரிப் ட்யூபும் சிவப்பு டப்பாவில், ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சளில், கண்ணாடி வயல் நீலத்தில். அப்படியும் குத்திவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவு, பிதுக்காதே, வாயில் வைக்காதே, உடனே இன்சார்ஜிடம் சொல். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவைப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்துக்கு மேல் போனால் பிரயோஜனமில்லை. திட்டுவார்களே என்று சாயங்காலம் வரை மறைத்து வைக்கிற பிள்ளைகள் உண்டு. நீ குத்திய நிமிடமே சொல்லிவிடு. தடுப்பூசிக் கார்டை ஜெராக்ஸ் எடுத்து ஒன்றை ஹாஸ்டல் பெட்டியில் வை, ஒன்றை ஸ்கூல் ஆபீசில் கொடு.